பெயரை மூடிய அட்டை

பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கிய றெஜினா அன்ரி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கில் அமர்ந்தாராம். பிறகு எழும்பவில்லை. அம்மா சுவரைப் பிடித்தபடி, "காலமை தானே, குடை எடுத்தனியோ எண்டு உன்னைக் கேட்டவ" என்றார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அன்ரியின் தம்பி எல்லோரையும் கேட்டார். "எங்கட வீட்டால ஒண்டும் வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா நித்திரையான பிறகு, நுளம்பு வலைக்குள் ரோச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரரான அன்ரி ஐந்து வருடமாக வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். தேர்தல் அலுவலகத்தில் வேலை. அரச ஊழியர்கள் தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கையொப்பம் இடுவார்கள். வாக்குச்சீட்டோடு அனுப்பும் பிரகடனத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுடையதா என்று அன்ரி பார்ப்பார். ஒருநாள் அவருடைய கைப்பையிலிருந்து, பிஸ்கட் பெட்டியில் வெட்டிய அட்டை ஒன்று விழுந்தது. அதில் இரண்டு சன்னல்கள்.

"இதென்ன அன்ரி, பொம்மை வீடோ?"

"பேரை மூடுற அட்டை. கையெழுத்து மட்டும் தெரிஞ்சாக் காணும். பேரைக் கண்டா, கண் முந்திக்கொண்டு முடிவெடுத்துப்போடும், பிள்ளை."

காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் தமிழ்ப் பெயரை வாசித்த பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார்கள். பெயரை வேண்டுமென்றே மூடிவிட்டு வேலை செய்யும் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்பதை நான் முழுதாக நம்பவில்லை.

பிறகொருநாள் என் சரித்திரக் கொப்பியைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். "இதெழுதேக்க காய்ச்சலோ?" என்றார். காய்ச்சல் இல்லை. அப்பாவை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போன அன்று எழுதிய பக்கம் அது. நான் கொப்பியை மூடினேன். அன்ரி மேலே போய், இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கூட்டிக்கொண்டு போய்ப் பதினெட்டு நாள் கழித்து அப்பா வந்தார். வலக்கை விரல்கள் மடங்கவில்லை. அரச ஊழியரான அவர், கொண்டுபோகப்படுமுன்பே தபால் வாக்குக்கு விண்ணப்பித்திருந்தார். அம்மா மறிக்க மறிக்கப் போய், அந்தக் கையாலேயே பிரகடனத்தில் கையொப்பமிட்டு வாக்களித்துவிட்டு வந்தார். கையொப்பம் வேறு, ஆள்மாறாட்டம் என்று எழுதிவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார்களே என்று, கதவு தட்டப்படும்போதெல்லாம் நாங்கள் நடுங்கினோம். தேர்தல் முடிந்தது. எவரும் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

கொட்டாஞ்சேனையில் செத்தவீட்டில், அன்ரியோடு பக்கத்து மேசையில் வேலை செய்த தெஹிவளை நிசாம் நானா, நான் யாரென்று தெரியாமல் இதைச் சொன்னார்:

"ஒரு தபால் வோட்டுல ரெண்டு கையெழுத்தும் ஒத்து வரல்ல. 'மிஸ், இது வேற ஆள்ட கை, ஒதுக்கிப் பொலிசுக்கு எழுதுவோம்'ண்டு நான் சென்னன். கண்ணாடிய வெச்சு அரமணித்தியாலம் பாத்தாங்க. 'அடிக்கோட்டப் பாருங்க நிசாம். ரெண்டுலயும் வலப்பக்கமிருந்து இழுத்தீக்கு, தொடங்கின எடத்துல மை தடிப்பு. கை மாறல்ல. கைக்கு என்னமோ நடந்தீக்கு' எண்டாங்க. எங்கட ஒஃபிஸ் பெரியவரும் பாத்து ஏத்துக்கிட்டாரு. அதுக்குப் பொறகுதான் அட்டைய எடுத்துப் பேரப் பாத்தாங்க. பேருக்கு மேல வெரல வெச்சாங்க. அப்புறம் அட்டைய வெச்சிட்டு, 'அடுத்தத தாங்க'ண்டாங்க."

கையிலிருந்த பிளேன்டீக் கோப்பையை நான் கீழே வைத்தேன். என் தேர்ச்சி அறிக்கைகள் எல்லாவற்றிலும் அப்பாவின் கையொப்பத்துக்குக் கீழே அந்தக் கோடு இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து கோடு இழுக்கும் வேறு எவரையும் நான் கண்டதில்லை.

அந்தக் கையொப்பத்தைப் பார்த்த அன்றும் அன்ரி எங்கள் வாசலைக் கடந்துதான் மாடி ஏறியிருப்பார். "அப்பா சாப்பிட்டவரோ?" என்று வழக்கம்போலக் கேட்டிருப்பார். அதற்குமேல் ஒரு சொல், அதற்குப் பிறகு ஒருநாளும், அவர் சொன்னதில்லை. எங்களைத் தெரிந்து காப்பாற்றியிருந்தால் நன்றி சொல்லலாம். தெரியாமலே, யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்பதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சன்னல்களை. எவரையும் பெயர் கேட்குமுன் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தத் தாளில் நான் பெயர் எழுதவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. அன்ரி இருந்தால் பெயர் தேவைப்பட்டிருக்காது. கீழே ஒரு கோடு மட்டும் இழுக்கிறேன், வலப்பக்கத்திலிருந்து.