ஐம்பது ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் விற்ற பம்பு

அந்தச் சாயங்காலம் பம்பில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி ஹனீபா ராவுத்தர், இரண்டாம் மெஷினில் நிற்கும் தங்கமணி அக்கா, நான். இல்லாதவர்கள்: டேங்கர் லோடு எடுக்கச் சொல்லிவிட்டுக் காரிலேயே திரும்பிப் போன கம்பெனி ஆபீசர், விலையை ஏற்றுகிறவர்கள், விலையை இறக்குகிறவர்கள். இவர்கள் யாரும் பம்பில் எந்த நாளும் நின்றதில்லை. ஜனங்களிடம் திட்டு வாங்க நாங்கள் மட்டும்தான் நின்றோம்.

எதிர் டீக்கடை டிவியில் செய்தி ஓடியது. பெட்ரோல், டீசல் மீதான வரியை மத்திய சர்க்கார் குறைத்துவிட்டது, காலை ஆறு மணி முதல் புதிய விலை. டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ராவுத்தர் மட்டும் நிலத்தடித் தொட்டியின் மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கீழே பார்த்தார்.

“ரெண்டு தொட்டியும் கழுத்து வரைக்கும் நிக்குது, சம்முகம்” என்றார் என்னிடம்.

ஊரே கை தட்டும்போது அவர் ஏன் அப்படி நின்றார் என்று புரிய வேண்டுமானால், எங்கள் பம்பு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அக்கட்ட பம்பு

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் எங்கள் பம்பு. பொள்ளாச்சி ரோட்டில் எல்லையைத் தாண்டி ஐந்து நிமிடம் போனால் தமிழ்நாட்டுப் பம்பு; ஊர்ப் பேச்சில் ‘அக்கட்ட பம்பு’, அந்தப் பக்கத்துப் பம்பு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறப் போர்டு, ஒரே பெட்ரோல். ஆனால் அங்கே விலை குறைவு. காரணம் மாநில வரி. நடுவில் இருப்பது ஒரு கம்பத் தடுப்பு மட்டும்தான்.

என் அப்பா நல்லேப்பிள்ளியில் நெல் வயலில் கூலி வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பி.காம். முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே பம்பு வேலைக்கு வந்தேன். முதல் நாள் தங்கமணி அக்காதான் நாஸிலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். “மொதல்ல ஸீரோவக் காட்டு. காட்டாம அடிச்சீன்னா நீ யோக்கியனா இருந்தாலும் திருடன்தான் கண்ணு.”

என் முதல் கஸ்டமர் வேலுச்சாமி அண்ணன். மொபெட்டின் இரண்டு பக்கமும் இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அம்பதுக்கு அடிங்க தம்பி.”

“அம்பது ரூபாய்க்கு எத்தன தூரம் போகுங்க?”

“அக்கட்ட பம்பு வரைக்கும் போகுமல்லோ. அங்க போயி ஃபுல் பண்ணிக்குவேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலையில் பழகப் பழகத்தான் தெரிந்தது, எங்கள் பம்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைப் போன்றவர்கள்தான். அடுத்த பம்பு வரைக்கும் போய்ச் சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் எங்களிடம் வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. இளநீர் விற்கிறவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? ஒரே எண்ணெய்க்கு இரண்டு வரி போட்டுவிட்டு, நடுவில் எங்களை நிறுத்திவைத்தவர்கள் மேல்தான் கோபம்.

எறங்குனப்ப ஏன் எறங்கலே?

விலை ஏறினால் திட்டு எங்களுக்கு. எங்கள் கமிஷன் லிட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனி வைத்த தொகை. விலை எவ்வளவு ஏறினாலும் அது அப்படியே நிற்கும். ஆனால் அதே லோடுக்கு முதலாளி முன்பணமாகக் கட்டுவது மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

ஒருநாள் நான் வேலைக்கு வந்தபோது போர்டில் விலை மாறியிருந்தது. வேலுச்சாமி அண்ணன் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார்.

“காலேஜ் படிச்சவனாச்சே நீ. சொல்லு, ஏன் ஏறுது?”

சொன்னேன். கச்சா எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதற்கு டாலரில் பணம் கொடுக்க வேண்டும், எங்கோ சண்டை வந்தால் விலை ஏறும், ரூபாய் மதிப்பு இறங்கினாலும் ஏறும், அதன்மேல் சுத்திகரிப்புச் செலவு, மத்திய வரி, மாநில வரி.

பொறுமையாகக் கேட்டார். “செரி. அந்தக் கச்சா எண்ணெய் எறங்குனப்ப இது ஏன் எறங்கலே?”

நான் அண்ணாந்து விலைப் போர்டைப் பார்த்தேன். தங்கமணி அக்கா சிரித்துவிட்டார். “உட்டுருங்கண்ணா, அந்தப் பாடம் அவனுக்கு நடத்தலையாமா.”

அன்றைக்கே உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. கச்சா எண்ணெய் இறங்கிய காலத்தில் வரியை ஏற்றி, இறங்கிய பங்கைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஏறும்போது ‘அது மார்க்கெட், நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்றார்கள். இறங்கும்போது மட்டும் மார்க்கெட்டைக் காணோம். மாநிலத்தைக் கேட்டால் மத்திய அரசைக் கை காட்டுகிறது. மத்திய அரசைக் கேட்டால் மாநிலத்தைக் காட்டுகிறது. இரண்டு கைகளும் வேலுச்சாமி அண்ணனின் சட்டைப் பையில்தான் இருந்தன.

இன்னொன்றும் பார்த்தேன். தினமும் பைசாக் கணக்கில் நகரும் விலை, ஓட்டு நெருங்கினால் அசையாமல் நின்றுவிடும். “எலெக்சன் வந்தா டாலருக்கே காய்ச்சல் வந்து படுத்துக்குமாட்ட இருக்குது” என்பார் தங்கமணி அக்கா. ஓட்டு முடிந்ததும் டாலர் எழுந்து நடக்கத் தொடங்கும்.

இந்தக் கணக்கு பம்பில் எல்லாருக்கும் தெரியும். எங்களைக் கவிழ்த்ததும் இந்தக் கணக்குதான்.

லோடு

விற்பனை படுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் ராவுத்தர் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த மாசம் பாக்கறேன் தங்கமணி. தேறலீன்னா மத்தியான ஷிஃப்ட நிறுத்தறதத் தவிர எனக்கு வேற வழி தெரியலே.”

மத்தியான ஷிஃப்ட் என்றால் அக்காவும் நானும். அக்காவின் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் இல்லை. பம்புச் சம்பளம்தான் காலேஜ் ஃபீஸ்.

“செரிங்க பாய்” என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினுக்குப் போனார்.

அந்த வாரம் கம்பெனி ஆபீசர் வந்தார். ஓட்டுப்பதிவு முடிந்திருந்தது. காரிலிருந்து இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி, மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

“எந்தா ராவுத்தரே, டார்கெட் ஒண்ணும் ஆகலையே? ரெண்டு லோடு எடுக்கணும்.”

“இருக்கறதே வித்துத் தீரலீங்க சார்.”

“எலெக்சன் கழிஞ்சில்லே? இனி வில கூடும். இப்ப ஸ்டாக் வெச்சா லாபம் உங்களுக்குத்தானே.”

ராவுத்தர் யோசித்தார். அவர் பேராசைக்காரர் இல்லை. ஆனால் ஏறும் என்று நம்பினார், நானும் நம்பினேன், அக்காவும் நம்பினார். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஏறித்தானே இருக்கிறது? பழைய விலைக்கு வாங்கியது புது விலைக்குப் போனால் ஷிஃப்ட் தப்பித்துவிடும். பேங்க் ஓவர்டிராஃப்டில் எடுத்துப் பணம் கட்டினார். டேங்கர் வந்தது. அளவு பார்க்கும் டிப் ராடைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்து, “இப்பத்தான் பம்பு மாதிரி இருக்குது” என்று ராவுத்தர் சிரித்ததை நான் பார்த்தேன்.

அது மதியம். சாயங்காலம் அந்தச் செய்தி வந்தது.

புது விலை

செய்தி வந்த நிமிடத்திலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. யார் வருவார்கள்? காலையில் குறையப்போவதை இன்றைக்கே வாங்க எவனுக்கும் பைத்தியம் இல்லை. காலையில் கூட்டம் வரும் என்று ராவுத்தர் எங்களையும் வரச் சொல்லியிருந்தார். ஆறு மணிக்கு மெஷின் திரையில் விலை தானாக மாறியது. ரோடு வரைக்கும் வரிசை. எங்கள் கேரளச் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளு வண்டிகள், ஜீப்புகள், பால் வண்டி. அதற்குமுன் எங்கள் பம்பில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. அடித்த ஒவ்வொரு லிட்டரும் வாங்கிய விலைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

கள்ளு வண்டி டிரைவர் ஒருவர் பணத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: “நேத்து வரைக்கும் எத்தன கொள்ளையடிச்சிருக்கறீங்க பாரு. சர்க்கார் மெரட்டுனதும் எப்படி எறங்குது!”

தங்கமணி அக்கா மீதியை அவர் கையில் வைத்தார். “கொள்ளையடிச்ச காசுலதானுங்க இந்தக் கிழிஞ்ச ஷூவ வாங்குனேன். நல்லாருக்குதா?”

அந்த ஆள் கீழே பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மேஜையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு ராவுத்தர் ஆபீசரைக் கூப்பிட்டார்.

“சார், நேத்து மத்தியானம் எறக்குன லோடுங்க. வரியோட சேத்துப் பணம் கட்டியிருக்கறேன். அந்த வரி இப்ப இல்லே. அந்தப் பணத்த யாரு தருவாங்க?”

“அதுக்கு பாலிசி இல்ல ராவுத்தரே. வில கூடுனப்ப லாபம் நீங்க வெச்சில்லே? அப்ப கம்பெனி கேட்டோ?”

“கூடுனது பைசா பைசாவாங்க சார். எறங்குனது ஒரே ராத்திரில ரூபா ரூபாவா. ரெண்டும் ஒண்ணா?”

“நான் மீட்டிங்ல இருக்கு” என்றார் ஆபீசர். லைன் போய்விட்டது.

ஆபீசர் கேட்ட கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏறியபோது கொஞ்சம் கிடைத்தது உண்மைதான். ஆனால் ‘ஏறும், எடு’ என்று சொன்ன வாய், இறங்கியதும் ‘பாலிசி’ என்கிறது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பம்புக்கு வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு

பெட்ரோல் விலையில் சர்க்கார் தலையிடலாமா என்று டிவியில் கோட் போட்டவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். மெஷின் பக்கம் நின்றவன் சொல்கிறேன், அந்தக் கேள்வியே ஏமாற்று. சர்க்கார் தலையிடாத நாளே கிடையாது. வரி போடுவது தலையீடு. ஓட்டுக்காக விலையை நிறுத்திவைப்பது தலையீடு. ஒரு சாயங்காலம் திடீரென்று குறைப்பதும் தலையீடு. தலையிடட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கச்சா எண்ணெய் ஏறும்போது வரி இறங்கட்டும், அது இறங்கும்போது விலையும் இறங்கட்டும். அதை ஒரு விதியாக எழுதி எல்லாருக்கும் தெரியும்படி வைக்கட்டும். கம்பத் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரி இருக்கட்டும். குறைக்கிற நாளில், தொட்டியில் கிடக்கும் எண்ணெய்க்கு வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுக்கட்டும். தங்களுக்குக் கைதட்டு வேண்டிய நாளில் மட்டும் தலையிட்டுவிட்டு, அதன் செலவை ஷூ கிழிந்தவர்கள் தலையில் கட்டுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வரி குறைந்தது மத்திய வரிதான் என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் விலை அதே அளவுக்கு இறங்கியது. இரண்டு பம்புக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அப்படியே நின்றது. முதல் நாள் கூட்டம் வடிந்ததும் வேலுச்சாமி அண்ணன் வந்தார். “அம்பதுக்கு அடிங்க தம்பி.”

மாதக் கடைசியில் மத்தியான ஷிஃப்ட் நின்றது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் ராவுத்தர் காலை ஷிஃப்டில் வைத்துக்கொண்டார். தங்கமணி அக்கா இப்போது தினமும் பஸ் ஏறி எல்லையைத் தாண்டிப் போகிறார். அந்தப் பக்கத்துப் பம்பில்தான் வேலை. போன வாரம் போன் செய்தார்.

“நம்ம அம்பது ரூபா ஆளுக அத்தன பேரும் இங்கதான் கண்ணு ஃபுல் அடிக்கறாங்க. வேலுச்சாமியண்ணன் என்னையப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. நான்தான் கூப்பிட்டு, ஸீரோ பாருங்கண்ணான்னு சொன்னேன்.”

“மக ஃபீஸ் கட்டியாச்சாக்கா?”

“இந்தத் தவணை கட்டலே. காலேஜுல டைம் கேட்டிருக்கறேன், பாக்கலாம்.”

ராவுத்தர் பேங்குக்குக் கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு சாயங்காலத்துக்கு எங்கள் பம்பு கொடுத்த விலை: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.