மூக்கையூர்க் கரையில் கனகா

ஒத்தக்கடை கனகாவின் புருஷன் மலைச்சாமி, மழை பொய்த்த வருஷம் மூக்கையூருக்குப் போய்ப் படகில் கூலிக்கு ஏறினான். புயலில் சிக்கிய படகு திரும்பவில்லை. கனகா அந்தக் கரையிலேயே கிடந்தாள்.

“கடலம்மா யாரையும் வச்சுக்கிட மாட்டா. காத்து திரும்புனா கரை சேத்துருவா” என்றாள், அவளுக்கு இடம் கொடுத்த மீன்காரி செசீலி.

காற்று திரும்பியது. முகம் சிதைந்த ஓர் உடல் கரை ஒதுங்கியது. கனகா கையைப் பார்த்தாள். மலைச்சாமி கரும்பு மெஷினில் ஒரு விரலை இழந்தவன். இந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன.

“நம்ம ஆளு இல்லக்கா.”

அந்த உடலைத் தேடி யாரும் வரவில்லை. ஊரார் குழி தோண்டியபோது கனகாதான் ஒப்பாரி வைத்தாள்.

ஊர் திரும்பியவளை மாமியார் வாசலிலேயே மறித்தாள். “எம்மவனப் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை. அடக்கம் பண்ணிட்டுத்தான் வாரேன்” என்றாள் கனகா.

கிழவி அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.