விசிலுக்கு நின்றவர்கள்

என் தாய்மாமாவின் விசிலுக்குள் உருளும் சின்ன உருண்டை, பழனியில் மந்திரித்து வாங்கியது என்று பத்து வயதுவரை நம்பினேன். சிரிக்காதீர்கள். அதை ஊதியதும் எங்கள் மேலத்தெருப் பையன்களும் கீழத்தெருப் பையன்களும் அப்படியே உறைந்து நின்றதைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

மாமா மதுரையில் ஒரு மில் டீமுக்காகக் கால்பந்து ஆடியவர். முட்டி போனதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லுக்கே திரும்பிவிட்டார். சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற தகராறில் அப்போது இரண்டு தெருவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. மாமா வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, இரு பக்கப் பையன்களையும் சேர்த்து ஒரே டீமாக்கினார். சட்டமும் ஒன்றுதான்.

"ஏலே, விசிலு கேட்டா அம்புட்டுப் பேரும் நின்னுரணும். தூக்குன காலக்கூட எறக்கப்படாது. கை ஓங்குனவனைச் செத்த நேரம் நிறுத்திட்டாப் போதும், அடி விழாது."

நிற்காதவனுக்கு டீமில் இடமில்லை. நிற்பதில் கெட்டிக்காரன் கீழத்தெரு செல்வம். ஒருமுறை காலியாகக் கிடந்த கோலுக்கு முன்னால், பந்தோடு நின்றுவிட்டான்.

"ஏன் மாப்ள, தட்டிவிட்டுட்டு நின்னுருக்கலாம்ல?" என்றேன்.

"அப்புறம் உனக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?"

அந்த வருசத் திருவிழாவில் ஊர்வலத்தை மறித்துவிட்டார்கள். நாங்கள் ஆடிக்கொண்டிருந்த மைதானத்துக்குள் இரண்டு தெரு ஆட்களும் கம்பும் கல்லுமாகப் புகுந்தார்கள். எல்லாம் எங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும்தான். மாமா நொண்டிக்கொண்டே நடுவில் ஓடி விசிலை ஊதினார். மூச்சு முட்ட ஊதினார்.

பையன்கள் நின்றார்கள். நான் ஓடினேன். சாதாரண ஓட்டமா அது! வேலிமுள்ளுக்குப் பாதி டவுசரைத் தானம் கொடுத்துவிட்டு, வெங்காய மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே போய்ப் புதைந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியதற்கு வெங்காயம்தான் காரணம் என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.

கல்லைவிட மாமாவுக்குத்தான் அதிகம் பயந்தேன். விசில் ஊதிய பிறகு ஓடியவனை டீமில் வைப்பாரா? அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். கடைசியில் அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"நீயாச்சும் ஓடுனியேடா" என்றார்.

நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். "இனிமே நிப்பேன் மாமா, சத்தியமா நிப்பேன்" என்று இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். மாமா எழுந்து போய்விட்டார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒழுங்காக மன்னிப்புக் கேட்டவனுக்கு எதற்கு அடி என்று அன்றைக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா மைதானத்துக்கே போகவில்லை.

கல் வருவதைச் செல்வம் பார்த்திருக்கிறான். குனிந்திருக்கலாம். விசில் ஊதிவிட்டதால் நகரவில்லை. ஒரு கண் போய்விட்டது.