2603-இல் பிறந்தவர்

அப்பா பிறந்தது சிங்கப்பூரில், அதை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தபோது. பிறப்புச் சான்றிதழில் அவன் நாட்டுக் கணக்குப்படி ஆண்டு 2603; நம் கணக்கில் 1943. அந்த மாதமே தாத்தாவைச் சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்து, ஊருக்கு விடுதலை என்றான். தாத்தா வரவில்லை.

சிறுவயதிலேயே பாட்டியோடு சென்னைக்கு வந்து, இப்போது எண்பது தாண்டிவிட்ட அப்பாவை முதியோர் உதவித்தொகைக்காகக் காலடிப்பேட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். சான்றிதழைப் பார்த்த எழுத்தர் சிரித்தார். "இன்னா சார், உங்க நைனா இன்னும் பொறக்கவே இல்லியே!"

வரிசையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஜப்பான் கணக்கு என்றேன்.

"அப்போ ஜப்பானுக்கே போய் மாத்திக்கினு வாங்க."

அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுத்தரிடம் சொன்னார்: "போறேன் நைனா. எங்கப்பாவ இட்டுகினு போனவனும் அவன்தான். அப்டியே அவரையும் கேட்டு இட்டாந்துடறேன்."