கோட்டுக்கு இழுத்த ஸ்வரங்கள்

தங்கச்சி வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். எண்பதுகளின் கடைசி அது. பகலில் கோட்டுச்சேரியில் ரைஸ்மில் வேலை. கல்யாண நாட்களில் காரைக்கால் ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் கீபோர்டு வாசிப்பார். நான் மைக்செட் வைத்திருந்தேன். அவர் சாவுக்கும் நான்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். கட்டிவிட்டு மரத்திலிருந்து இறங்கினேன். அழுகை வரவில்லை. மிச்ச ஒயரைச் சுற்றி வைத்தேன்.

கருமாதி அன்று படையல் போட்டுக் கும்பிட்ட பிறகு, செத்தவருக்குப் பிடித்த பாட்டு எதையாவது மைக்செட்டில் போடச் சொல்வார்கள். நானே எத்தனையோ வீட்டில் போட்டிருக்கிறேன். தங்கச்சி சினிமாப் பாட்டு வேண்டாம் என்றாள்.

"அவரு வாசிச்சதப் போடுண்ணே."

இருந்த கேசட்டெல்லாம் கச்சேரி கேசட். டிரம் சத்தத்திலும் பாடுகிறவர் குரலிலும் அவர் வாசிப்பு அமுங்கிக் கிடந்தது. அவர் தனியாக வாசித்துப் பதிந்தது ஒரே இடத்தில்தான். காரைக்காலில் ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளை பிரான்சிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தார். கீபோர்டை அதோடு ஒயரில் சேர்த்து வாசித்தால், வாசித்தது திரையில் சின்னச் சின்னக் கோடாக விழும். பிறகு அதுவே திரும்ப வாசித்துக் காட்டும். வெள்ளைக்காரர்கள் எழுதுகிற மாதிரி ஸ்வரத்தைத் தாளில் அச்சடித்தும் கொடுக்கும். மாப்பிள்ளை தானே கட்டிய மெட்டு ஒன்றைப் பொங்கல் கழித்து அதில் வாசித்துவிட்டு வந்தார். சைக்கிளில் நான்தான் கூட்டிப்போனேன்.

அவர் வாசிப்பில் ஒன்று உண்டு. மில்லில் பெல்ட் இழுத்து வலது கை மோதிர விரல் நசுங்கியிருந்தது. அந்த விரல் மட்டும் கட்டையில் விழக் கொஞ்சம் தாமதமாகும். ஆர்கெஸ்ட்ராவில் அதைக் கேலி பண்ணாமல் விடமாட்டார்கள்.

"கோட்டுச்சேரி பஸ்ஸு வந்துருச்சாய்யா? நாங்க ஏறலாமா?"

"டிரைவரு டீ குடிக்கிறாரு. இருங்க" என்பார் இவர்.

வீட்டில் அவர் வாசிக்கும்போது, அந்த விரல் வரும்வரை அடுப்படியில் தங்கச்சியின் கரண்டியும் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

கருமாதிக்கு முன்னால் அவளைச் சைக்கிளில் வைத்து அங்கே அழைத்துப்போனேன். சொல்தா வீட்டுப் பிள்ளை நாற்காலி போட்டார். துக்கம் கேட்டார். கம்ப்யூட்டரைத் தட்டினார். மெட்டு வந்தது.

தங்கச்சி முடியும்வரை கேட்டாள்.

"இது யாரு தம்பி வாசிக்கிறது?"

"அவருதான்க்கா."

"அவரு இல்லீங்க."

எனக்கும் தெரிந்தது. ஒரு இடத்திலும் தாமதம் இல்லை. எல்லாம் கடிகாரம் மாதிரி விழுந்தது.

சொல்தா வீட்டுப் பிள்ளை திரையைக் காட்டினார். கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு கோட்டின்மேல் நின்றது.

"அவரு வாசிச்சத அப்படியே அச்சடிச்சா, தாள் முழுக்கப் பொடிப்பொடியா வந்துச்சுண்ணே. மெஷினுக்குத் தாமதம்னு தெரியாது. அதையும் ஒரு கணக்கா எழுதிரும். யாராலயும் படிக்க முடியாது. அதான் குவாண்டைஸ் பண்ணேன். பக்கத்துல இருக்குற கோட்டுக்கு ஒவ்வொண்ணையும் இழுத்துரும்."

"பழசு இருக்கா?" என்றேன்.

"அது மேலேயே பதிஞ்சுட்டேன்ணே. மெட்டுதான் வேணும்னு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வேலை அது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கச்சி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

அவரே சொன்னார். "எந்தெந்த இடம்னு சொல்லுங்கக்கா. நான் தள்ளி வக்கிறேன்."

தங்கச்சி கை காட்டினாள். இங்கே, இங்கே என்று. அவர் ஒவ்வொன்றாகக் கோட்டிலிருந்து நகர்த்தினார். பொறுமையான ஆள். மறுபடி போட்டார். இப்போது தாமதம் இருந்தது. எல்லாத் தாமதமும் ஒரே அளவு.

அவள் தலையை ஆட்டினாள். "வேணும்னே லேட்டா வர்ற மாதிரி இருக்குங்க. அவரு வேணும்னு வரமாட்டாரு. வந்து சேரப் பாப்பாரு."

அவர் திருப்பிக் கோட்டிலேயே வைத்தார். கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"ஒண்ணு இருக்குண்ணே" என்றார் அவர். "நேரத்தைத்தான் மாத்துனேன். எவ்வளவு அழுத்துனாருங்கறத நான் தொடலை. அது அவரு கைதான்."

சத்தத்தைக் குறைத்துப் போட்டார். கவனித்துக் கேட்டோம். நேராக வந்த ஸ்வரங்களுக்கு நடுவே சிலது மட்டும் சன்னமாக விழுந்தது. பாதி அழுத்தின கட்டை. நசுங்கின விரலுக்கு அவ்வளவுதான் தெம்பு.

தங்கச்சி முந்தானையை விட்டாள். "இன்னொரு தடவ போடுங்க தம்பி."

போட்டார். அதற்குப் பிறகும் கேட்டாள். பிறகு கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னாள்.

கருமாதி அன்று வாசலில் பந்தல். வேப்பமரத்தில் குழாய் கட்டியாகிவிட்டது. படையல் முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். நான் குழாய் ஒயரைக் கழற்றினேன். சின்ன பாக்ஸ் ஒன்றை எடுத்துப்போய் உள்ளே விளக்குப் பக்கத்தில் வைத்தேன். கேசட்டைப் போட்டுச் சத்தத்தை நன்றாகக் குறைத்தேன்.

பந்தலிலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "என்னடா, மைக்செட்டுக்காரன் வீட்டு விசேஷம், கொசு கத்துற மாதிரி இருக்கு?"

"உள்ள ஓடுது பெரியப்பா."

"குழாயில போடுறா. தெரு கேக்கட்டும்."

"குழாயில சன்னமா இருக்கறது தங்காது பெரியப்பா. தூக்கி எல்லாத்தையும் ஒண்ணாக்கிரும்."

அவருக்குப் புரியவில்லை. ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் நிலைப்படி வரை வந்து நின்றார்கள். டிரம் அடிக்கிறவர் கேட்டுவிட்டு, "மச்சான் சுத்தமா வாசிச்சிருக்காரே" என்றார். யாரும் கேலி பண்ணவில்லை. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து திருகியில் கை வைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டேன்.

தங்கச்சி பாக்ஸுக்கு நேரே பாயில் இருந்தாள். சன்னமான ஸ்வரம் வருகிற இடத்திலெல்லாம் அவள் தாடை லேசாக அசைந்தது. மெட்டு முடிந்தது. டேப் வெறுமனே ஓடிற்று. அதையும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போதும்ண்ணே. இலை போடச் சொல்லு."

எழுந்து போய்ச் சொன்னேன்.