ஐந்து முயல்குட்டிகள், விற்பனைக்கு அல்ல

எங்கள் முயல் போட்ட ஐந்து குட்டிகளும் புல் தின்னத் தொடங்கிவிட்டன. உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்பதால், வளர்க்க விரும்புவோருக்கு இலவசமாகத் தருவதாக நேற்று இணையத்தில் போட்டேன்.

இன்று பொங்கோலிலிருந்து ஒருவர் சிராங்கூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அஞ்சையும் குடுத்துடுங்கக்கா."

"அஞ்சையும் எங்க வச்சு வளப்பீங்க?"

"வளக்க இல்லக்கா. ஆன்லைன்ல வித்துடுவேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

"யாரு கேக்கப் போறா லா?"

"நான்தான் கேக்குறேனே," என்று குட்டிகள் இருந்த கூடையை மூடினேன்.

"சும்மா குடுக்குறதுக்கு இவ்ளோ கேள்வியா?" என்று முறைத்தார்.

"சும்மாதான் குடுக்குறேன். ஆனா ஆளப் பாத்துத்தான் குடுப்பேன்."

வெறுங்கையோடு லிஃப்டுக்குப் போனார்.

குட்டிகள் இப்போது என் சோபாவைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. வளர்க்க விரும்புவோர் கீழே எழுதுங்கள். நேர்காணல் கட்டாயம்.