ஆளுக்குப் பாதிக் காப்பீடு

என் தங்கை ஜன்னல் திரைகள் தைக்கும் கடையில் துணி வெட்டுபவள். இருபத்து மூன்று வயதில் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்தெட்டு. கடையில் அவளுக்கு 'அங்குலம்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு ஜன்னலை ஒருமுறை அளந்தால் இவள் மேலே, நடுவே, கீழே என்று மூன்று முறை அளப்பாள். எந்தச் சுவரும் நேராக இருக்காது என்பது அவள் கட்சி. ஆரம்ப நாட்களில் முதலாளி ஒருமுறை, அரை அங்குலம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருக்கிறார். "வெயிலுக்குத் தெரியும்" என்றாளாம். அன்று வைத்த பெயர்.

வெட்டுமேசை பன்னிரண்டு அடி நீளம். துணியை விரித்துவிட்டு மேசையைச் சுற்றி நடந்து நடந்துதான் வெட்ட வேண்டும். திரும்பும்போது உடம்பின் பாரம் முழுவதும் வலது முழங்காலில் இறங்கும். ஒரு திங்கட்கிழமை நான் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு சுற்று நடந்தாள்.

அவள் கணவர், என் மாப்பிள்ளை, நகரப் பேருந்து ஓட்டுநர். "உக்காந்தே சம்பாதிக்கிற மனுஷன்" என்று தங்கை சொல்வாள். மகன் வேறு ஊரில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் இரண்டே பேர். அவர்கள் எதையும் முழுதாக வைத்துக்கொள்வதில்லை. முட்டை அவித்தால் மஞ்சள் அவருக்கு, வெள்ளை இவளுக்கு. செய்தித்தாளில் முன்பாதியை அவர் படிப்பார், பின்பாதியை இவள் படிப்பாள். பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு பேரும் எல்லாவற்றையும் படிப்பது வீண்வேலை என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள்.

மருத்துவக் காப்பீட்டையும் அப்படித்தான் வாங்கினார்கள். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு முகவர் வந்து இரண்டு வகைகளை விளக்கினார். ஆஸ்பத்திரியில் படுத்தால் அறை, அறுவைச் சிகிச்சை, மருத்துவர் செலவைத் தருவது ஒன்று. படுக்காமலே ஆகும் செலவுகளுக்கு, அதாவது பல், கண்ணாடி, பிசியோதெரபி போன்றவற்றுக்குத் தருவது மற்றொன்று. இரண்டையும் இரண்டு பேருக்கும் எடுக்க அவர்களால் முடியாது. தங்கை ஒருநாள் யோசித்தாள். மாப்பிள்ளைக்கு முன்பே குடலிறக்க அறுவை ஆகியிருந்தது. அவர் அப்பாவுக்கு இதய நோய். ஆகவே ஆஸ்பத்திரிக் காப்பீடு அவர் பெயரில். இவளுக்குக் கண்ணாடி, வருடத்துக்கு ஒரு பல். ஆகவே அன்றாடக் காப்பீடு இவள் பெயரில். முகவர் அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வீட்டில் இரண்டு வகையும் இருப்பதால் வீடு முழுதும் மூடியாயிற்று என்று தங்கை நினைத்தாள். அவள் தொழில் அப்படி. ஒரு ஜன்னலுக்கு இரண்டு திரை. இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இழுத்துவிட்டால் ஜன்னல் மூடிக்கொள்ளும். நினைப்பை உறுதிப்படுத்த ஒரு சம்பவமும் நடந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அவள் கண்ணாடி வாங்கியபோது மாப்பிள்ளைக்கும் ஒரு படிக்கும் கண்ணாடி இலவசமாகக் கிடைத்தது. ஒன்று வாங்கினால் இன்னொன்று சும்மா என்பது அந்தக் கடையின் அந்த மாதச் சலுகை. இவர்களோ காப்பீட்டு அட்டைதான் கொடுத்தது என்று நம்பிக்கொண்டு வந்தார்கள்.

என் பங்கையும் எழுதிவிட வேண்டும். நான் குடிநீர்த் துறையின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே இணைப்பு வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்குள் யார் குடிக்கிறார்கள் என்பது எங்கள் கேள்வி இல்லை. ஓய்வுபெற்றபின் உறவினர் எல்லோருக்குமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காப்பீடு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'தங்கை வீடு. ஆஸ்பத்திரி: உண்டு. அன்றாடம்: உண்டு.' ஒவ்வொரு வருடமும் தேதி பார்த்து, நினைவூட்டி, ஒரு டிக் போட்டேன். மொத்தம் ஒன்பது டிக். ஒன்றிலும் தேதி தவறில்லை.

முழங்கால் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னது இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதம். அதற்குள் தங்கை மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். முதலாளி நல்ல மனிதர். உட்கார்ந்து செய்யும் வேலையாகத் தருகிறேன், ஓரம் தைத்துக்கொண்டிருக்கலாம் என்று சொன்னார். அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "முப்பத்திமூணு வருஷம் வெட்டினவள ஓரம் தைக்க உக்கார வைக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் போய், அறுவை முடிந்து வரும்வரை மேசையை யாருக்கும் தர வேண்டாம் என்று கேட்டாள். பத்து வாரம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

அறுவைக்கு ஒரு வாரம் முன் பெயர் பதிய மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவு மேசையில் இருந்த பெண் தங்கையின் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இது பல்லு, கண்ணாடிக்குத்தாம்மா. ஆஸ்பத்திரிக் காப்பீடு இருக்கா?"

"இருக்கே" என்று சொல்லி, தங்கை திரும்பிப் பார்க்காமலே மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டினாள். அவர் தன் அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அந்தப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "அட்மிட் ஆகறது சாரா?"

"இல்ல, அவங்க."

"இதுல உங்க பேரு மட்டும்தான் சார் இருக்கு."

"நாங்க ஒரே வீடுதாங்க" என்றாள் தங்கை.

"வீடு ஒண்ணுதாம்மா. முட்டி உங்களோடது."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "அப்ப என் முட்டிய மாத்திடுங்க. அது சும்மாதான் இருக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தங்கை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணா, நோட்டுல என்ன இருக்கு?" என்றாள். பையிலிருந்து எடுத்துப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு 'உண்டு'களின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

"யாருக்குன்னு எழுதலையே."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஒரு ஜன்னலின் நடு அளவு விட்டுப்போனதைச் சொல்கிற குரல்.

வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, "ஒம்பது வருஷமா உனக்கும் சேத்துத்தான் கட்டறேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

"நானும் உங்க பல்லுக்கும் சேத்துத்தான்" என்றாள் அவள்.

சொந்தச் செலவில் செய்துகொள்ள வழியில்லை. அரசு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு வரிசை இரண்டரை வருடம். மீதி ஒரே வழி, இப்போதாவது அவள் பெயரில் ஆஸ்பத்திரிக் காப்பீடு எடுப்பது. ஆனால் முன்பே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை மேசையில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைச் சாவியை வாங்கிக்கொண்டு வெட்டுமேசையில் மூன்று நிறுவனங்களின் திட்டத்தாள்களை விரித்தோம். தங்கை ஒரு திட்டத்தையும் மொத்தமாகப் பார்க்கவில்லை. எது எதற்குத் தருவார்கள், எத்தனை நாள் காக்க வைப்பார்கள், நம் கையிலிருந்து முதலில் எவ்வளவு போக வேண்டும் என்று ஒவ்வொரு தாளையும் மூன்று இடத்தில் அளந்தாள். மலிவான ஒன்றில் 'மூட்டுச் சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை அதையே எடுத்துவிடலாம் என்றார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். மூட்டு மாற்று அதில் கிடையாது. அந்தத் தாளை மடித்துக் கீழே போட்டாள்.

இரண்டு வகையையும் ஒரே நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. இதை அன்றுதான் கவனித்தோம். ஆகவே, ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளையின் நிறுவனத்திலேயே மூட்டு மாற்றும் அடங்கிய திட்டம், இருவர் பெயரிலும். முதலில் நம் கையிலிருந்து கொடுக்கும் தொகை அதில் அதிகம். அதனால் மாதத் தவணை குறைந்தது. அன்றாடத்துக்கு இவளுடைய பழைய நிறுவனத்திலேயே, பெரிய திட்டத்தை விட்டுவிட்டு, பிசியோதெரபிக்கு நன்றாகத் தரும் சின்னத் திட்டம், இவளுக்கு மட்டும்.

"அப்ப என் பல்லு?" என்றார் மாப்பிள்ளை.

"கம்மியா சிரிங்க."

ஒவ்வொரு நிபந்தனைக்கும் அவள், "இது ஆளுக்கா, வீட்டுக்கா?" என்று கேட்டாள். நான் மறுநாள் இரண்டு நிறுவனங்களுக்கும் தொலைபேசியில் பேசி, அதே கேள்வியைக் கேட்டு, பதில் சொன்னவர் யார், மணி என்ன என்று குறித்துக்கொண்டேன். பிறகு எழுத்தில் அனுப்பச் சொல்லியும் வாங்கினேன்.

முதலாளியிடம் அவளே போய்ப் பேசினாள். பத்து வாரம் கேட்டவள் இப்போது ஒரு வருடத்துக்கு மேல் கேட்க வேண்டியிருந்தது. நான் வாசலில் நின்றதால் காதில் விழுந்தது.

"அதுக்குள்ள ஒரு துணி தப்பா வெட்டினா, நீங்க சொல்லவேண்டாம், நானே போய் ஓரம் தைக்க உக்காந்துக்கறேன்."

முதலாளி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

அந்த வருடம் அவள் மேசையைச் சுற்றுவதை நிறுத்தினாள். தன் இடுப்பு உயரத்துக்கு அளவு கொடுத்து ஒரு முக்காலி செய்து வாங்கி, மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து, துணியைத் தன்னிடம் இழுத்து வெட்டக் கற்றாள். மூன்று மணி நேர வேலை நான்காயிற்று. மதிய இடைவேளையை விட்டு அதைச் சரிக்கட்டினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, பிசியோதெரபி. முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அங்கே அளந்து சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வருடத்தின் வேலையாக இருந்தது.

எட்டாவது மாதம் ஒரு பெரிய வேலை வந்தது. பதினொரு ஜன்னல், கனத்த வெல்வெட் துணி, மூன்றாவது மாடி, லிஃப்ட் பழுது. தங்கையால் படியேற முடியாது என்று கடையில் வேறொருவர் அளந்து வந்தார். எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவு. தங்கை அந்தத் தாளை வைத்துக்கொண்டு கத்தரியை எடுக்க மறுத்துவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை விடுப்புப் போட்டுவிட்டு உடன் போனார். அவள் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறினாள். அவர் ஒரு படி கீழே, வலது காலைக் கையில் தாங்கிக்கொண்டு ஏறினார். ஐம்பத்து நான்கு படி. ஏழாவது ஜன்னல் நடுவில் முக்கால் அங்குலம் அதிக அகலம். முதலாளி அதற்குப்பின் ஓரம் தைப்பதைப் பற்றிப் பேசவில்லை.

பதின்மூன்றாவது மாதம் மறுபடி அதே பதிவு மேசை, அதே பெண். அட்டையில் இரண்டு பெயர்.

"இந்தத் தடவை யாரு முட்டி?" என்றாள்.

மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் தங்கையைக் காட்டினார்.

பதினொரு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். சொன்னதைவிட ஒரு வாரம் அதிகம். முழங்கால் நூற்றுப் பன்னிரண்டு பாகை மடங்குகிறது. என் நோட்டில் இப்போது தங்கை வீட்டுக்கு இரண்டு வரிகள், ஆளுக்கு ஒன்று; மாப்பிள்ளை வரியில் 'அன்றாடம்: இல்லை' என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். மற்ற உறவினர்களின் பக்கங்களையும் பிரித்து எழுதினேன். என் அண்ணன் மகன் வீட்டிலும் இதே ஓட்டை இருந்தது. முட்டை மட்டும் இன்னும் ஒன்றுதான் அவிகிறது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் கடையில் போய் உட்கார்ந்தேன். அவள் முக்காலியைத் தூக்கி மூலையில் வைத்தாள். துணியை விரித்தாள். நடக்க ஆரம்பித்தாள். திரும்பும் இடத்தில் பழையபடி மேசையைப் பிடிக்கக் கை போனது. தொடாமல் திரும்பி வந்தது. பத்தொன்பதாவது சுற்றில், தலையைத் தூக்காமலே, "அண்ணா, எண்ணறத நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்திவிட்டேன்.